அண்ணனுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்

மும்பையில் இறங்கியபோது மழை. எனக்குப் பழக்கமானது சிங்கப்பூர் மழை. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நல்ல பிள்ளையாக ஓய்ந்துவிடும். இந்த ஊர் மழைக்கு ஓய்கிற எண்ணமே இல்லை. வானம், சாலை, சுவர், ஆட்கள் எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன. சுற்றிப் பார்க்க வந்தவளாக இருந்தால் அடுத்த விமானத்தில் திரும்பியிருப்பேன்.

நான் வந்தது அண்ணனைப் பார்க்க. அவன் கூப்பிடவில்லை. மதினி எஸ்தர்தான் போனில், "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் ஜெபா" என்றாள். அந்தச் ‘சும்மா’வைக் கேட்ட அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சயான் தாண்டியதும் ஆட்டோவுக்குள் தண்ணீர் வந்தது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "அம்மா, இனிமேல் இது படகு. என்னிடம் ஆட்டோ லைசென்ஸ்தான் இருக்கிறது." சிரித்துக்கொண்டே முழு வாடகையையும் வாங்கிக்கொண்டார். பெட்டியைத் தலையில் வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்தேன். காலில் என்னென்னவோ இடித்தது. குனிந்து பார்க்கவில்லை.

அண்ணன் தங்கராஜ் தாராவியில் இட்லி போடுகிறவன். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைந்த சந்து அது. முக்கால்வாசிப் பேருக்கு இட்லிதான் பிழைப்பு. இந்த ஊரில் அறையைக் கோலி என்கிறார்கள். அண்ணனுடையது கீழும் மேலுமாக இரண்டு கோலி. கீழே அடுப்பும் கொப்பரைகளும் வேலையாட்கள் நாலு பேரும். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே அண்ணனும் மதினியும். விடியுமுன் ஆட்கள் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, தாதர், செம்பூர் என்று கிளம்புவார்கள். பதினெட்டு வயதில் ஊரை விட்டு வந்த அண்ணன், ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்தான்.

கட்டிலில் கிடந்தவனை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கை கால் குச்சியாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் மட்டும் உப்பியிருந்தது. "நனைஞ்சிட்டியாட்டி?" என்றான். அதற்குள் இருமல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணனை அவன் இவன் என்றுதான் பேசுவோம். அவனும் என்னை அதட்டித்தான் பேசுவான். அன்று அதட்ட அவனிடம் மூச்சு இல்லை. நான் துண்டை வாங்கித் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் அவனுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். அறுத்து எடுத்தும் அது எலும்புக்குப் போய்விட்டது. பிறகு ஒரு புதுவகை ஊசி போட்டார்கள். ஊசி வேலை செய்தது. எலும்பில் இருந்த கட்டிகள் சுருங்கின. சந்தில் ஸ்தோத்திர ஜெபம் வைத்துக் கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டது. தைராய்டு செத்தது. முழங்கால்கள் வீங்கின. இப்போது நுரையீரலில் ஒரு நிழல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல்.

இந்த ஊசியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எலி வளர்ப்பது என் வேலை. நம் இரத்தத்தில் திரிகிற டி அணுக்கள் கிருமியையும் கட்டியையும் கொல்லப் பிறந்தவை. கொல்கிறவன் கைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? அதற்காக அவற்றின் மேல் ‘போதும், நிறுத்து’ என்ற சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. புத்தகத்தில் அவற்றுக்குத் தடை ஏற்பிகள் என்று பெயர். நாங்கள் பிரேக் என்றே சொல்வோம். புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வளரும். புது ஊசி, மிதிக்கிற காலைத் தட்டிவிடுகிறது. டி அணுக்கள் பாய்ந்து கட்டியைத் தின்கின்றன. ஆனால் பாய்ந்தவை கட்டியோடு நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிறவியிலேயே அந்த ஏற்பி இல்லாத எலிகளை நான் வளர்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நாளாக ஆக மூட்டு வீங்கும். சில வகை எலிகளுக்கு இதயமே கெட்டுச் சாகும். கிருமி எதுவும் இல்லை, விஷம் எதுவும் இல்லை. சொந்த அணுக்களே சொந்த உடம்பைத் தின்றுவிடுகின்றன. அண்ணனுடைய முழங்காலைப் பார்த்தபோது எனக்குக் கூண்டுகள்தான் ஞாபகம் வந்தன. அப்படி ஞாபகம் வந்ததற்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவதில்லை. முன்பெல்லாம் பழமும் ரொட்டியும் வரும். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் எதிர்ப்புச் சக்தி வாங்கி வருகிறார்கள். குளிர்பெட்டி மேல் சீந்தில்கொடிச் சாறு, நெல்லிச் சாறு, நிலவேம்புப் பொடி, மஞ்சள் மாத்திரை என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே இருந்தது.

"இதெல்லாம் குடிக்கானா மதினி?"

"காலையில ஒரு மூடி, சாயந்திரம் ஒரு மூடி. ஜெபக்கூட்டத்துல வாரவங்க ஆசையாத் தாரத எப்படி வேண்டாங்க? எதிர்ப்பு சக்தி கூடட்டும்னுதான்."

"கூடுனதுதான் மதினி இப்ப வியாதியே."

மதினி நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். தட்டில் ஆறு இட்லி வைத்து, மேலே மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் போட்டுக் கொடுத்தாள். சிங்கப்பூரில் தேக்கா கடைகளில் நாங்கள் வரிசையில் நின்று வாங்குகிற இட்லி இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பசியில் அத்தனையும் சாப்பிட்டேன். அண்ணன் ஒன்றைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மென்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே குடும்பம் குடும்பமாக ஆட்கள். பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, வைத்தியம் முடிகிறவரை அங்கேயே சமைத்து அங்கேயே தூங்குகிறவர்கள். ஒரு பெண் அடுப்பு நனையாமல் தன் முதுகால் மழையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூரில் மருத்துவமனை என்றால் எண் வரும், கதவு திறக்கும், யாருடைய அழுகையும் யார் காதிலும் விழாது. இங்கே எல்லாம் விழுகிறது.

டாக்டரம்மா மராத்திக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்களோடு இந்தியில் நிதானமாகப் பேசினார். "நிழலுக்கு மூன்று காரணம் இருக்கலாம். ஊசியால் வந்த அழற்சி, இல்லாவிட்டால் கிருமி, இல்லாவிட்டால் புற்றுநோயே. முதலாவது என்று நினைத்துத்தான் ஸ்டீராய்டு கொடுத்தேன். இதற்குள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. டோஸைக் கூட்டலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் மறுபடியும் கேட்கிறேன். இவருக்கு எப்போதாவது டி.பி. வந்திருக்கிறதா?"

"கபி நஹி", வந்ததே இல்லை என்றாள் மதினி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நுரையீரலின் மேல்பக்கம் ஒரு பழைய தழும்பு தெரிகிறதே?"

"அது சின்ன வயசுல ஊர்ல வந்த நிமோனியா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் டி.பி. வந்ததில்லை என்று நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சளி வந்தால் சோதித்துவிடலாம். வறட்டு இருமலில் சளி வரவில்லை. குழாய் விட்டு நுரையீரலுக்குள்ளிருந்து எடுக்கலாம். ஆனால் மூச்சு இப்படி இருக்கும்போது அது ஆபத்து, வலுவான காரணம் இல்லாமல் செய்யக் கூடாது என்றார். திங்கட்கிழமை வாருங்கள், டோஸைக் கூட்டிவிடுவோம் என்றார். மதினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த நாள் அண்ணன் என்னை மாட்டுங்காவுக்கு அனுப்பினான். ஞாயிறுதோறும் ஒரு குடியிருப்புக்கு மொத்தமாக இட்லி போகும். அதைக் கவனித்துக்கொள்கிறவர் கௌரி மாமி, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம்வரை அண்ணனே போய் அவர் வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் கேட்டு வருவானாம். இப்போது ஆள் பிடிக்காமல் ஏணி இறங்க முடியவில்லை. "போன்ல கேட்டா மரியாத இல்லட்டி. நேர்ல போய்க் கேட்டுட்டு வா" என்றான்.

மாட்டுங்கா மார்க்கெட் எனக்குப் பிடித்திருந்தது. மழையிலும் வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், உதிரிப்பூ. ஒரு கடையில் ரசவடையும் காப்பியும் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து, "மழை நின்னாலும் நிக்காட்டாலும் இவா ரயிலை நிறுத்திடுவா" என்று என்னிடம் புகார் சொன்னார். ரயில்வேக்கு நான்தான் பொறுப்பு என்பது போலத் தலையாட்டினேன்.

கௌரி மாமி கதவைத் திறந்ததும், "தங்கராஜோட தங்கையா? வாங்கோ, வாங்கோ. ஈரத்தோட உக்காரலாம், ஒண்ணும் பரவால்ல" என்றார். "கேன்சர்னு சொன்னப்போ எனக்கு ரெண்டு நாள் சாதமே எறங்கலை. இத்தனை வருஷமா அவன் இட்லிதான் எங்க காலனிக்கே. அவ்வளவு சுத்தம். நல்லவாளுக்குத்தான் இப்படியெல்லாம் வரது." ஆர்டரைச் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு என்று ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பினார். ஒரு தயக்கமும் இல்லாமல் அவர் கேன்சர் என்ற சொல்லைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்ததும் மதினி கேட்ட முதல் கேள்வி, "இருமலப் பத்தி ஏதும் கேட்டாங்களா?"

"இல்லையே."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். ஏன் நல்லது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் செம்பூரில் சேவியர் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அண்ணனும் அவரும் சின்ன வயதில் ஒரே கோலியில் இருந்து இட்லி விற்றவர்கள். அவர் இப்போது செம்பூரில் பாத்திரக் கடை வைத்து, சொந்த வீடும் வாங்கிவிட்டார்.

குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று மதினி சொல்லி அனுப்பியிருந்தாள். குர்லா வந்தது, நான் இறங்கவில்லை, இறங்க விடவில்லை. ஏறுகிறவர்கள் என்னைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். "குர்லாவுக்கு சயானிலேயே எழுந்து நிற்க வேண்டும், இது கூடத் தெரியாதா?" என்று ஒரு பெண் இந்தியில் திட்டினாள். வித்யாவிஹாரில் பிதுங்கி வெளியே வந்து, திரும்பவும் குர்லாவுக்கு வந்து, செம்பூர் வண்டியைப் பிடித்தேன். அது திலக் நகர் தாண்டுவதற்கு முன்பே தண்டவாளத் தண்ணீரில் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் ரயில் இரண்டு நிமிஷம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஒரு பெண் பையிலிருந்து பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில், குர்லாவுக்கு முந்தின சுனாபட்டியிலேயே ஏறி உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண் ஒருவர். விரல்கள் ஒரு பக்கமாகக் கோணியிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேசினார். "ஆர்த்ரைட்டிஸ்ங்க. டாக்டர் என்ன சொல்றாரு தெரியுமா? ஒனக்கு எதிர்ப்பு சக்தி ஓவரா இருக்கு, அத அமுக்கத்தான் மருந்துங்கறாரு. வீட்ல சொன்னா ஏக்தம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி இருக்கறவளுக்கு எதுக்குடி நோவுன்னு மாமியார் கேக்குறாங்க."

டாக்டர் சொல்வது சரிதான் என்றேன். சிலருக்கு அந்தப் பிரேக் பிறவியிலேயே சரியாகப் பிடிப்பதில்லை, அணுக்கள் மூட்டைப் போய்க் கடிக்கின்றன என்று விளக்கினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அந்த மருந்து குடுக்கறதுக்கு முன்னால டி.பி. உண்டா, டி.பி. உண்டான்னு நூறு தடவ கேட்டாருங்க. எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பாத்தாரு. எதிர்ப்ப அமுக்கினா உள்ள தூங்கறது முழிச்சிக்குமாம்" என்றார். பிறகு, "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். எலி வளர்க்கிறேன் என்றேன். லேசாகத் தள்ளி உட்கார்ந்தார்.

சேவியர் அண்ணன் வீட்டில் சுர்மை மீன் குழம்பு. இந்த ஊரில் வஞ்சிரத்துக்கு அந்தப் பெயர். அவர் என் தட்டில் துண்டு துண்டாக அள்ளி வைத்துக்கொண்டே தைரியம் சொன்னார்.

"ஒங்க அண்ணன் சாவமாட்டான் தங்கச்சி. அவன் ஒடம்பு ஒடம்பு இல்ல, இரும்பு. இங்கன வந்த புதுசுல ரெண்டு பேரும் ஒரே கோலியிலதான கிடந்தோம். ஒரு நாளு ரத்தமா கக்குனான். நெஞ்சு போட்டோ எடுத்துப் பாத்துட்டு டாக்டர் டி.பின்னு சொல்லிட்டாரு. ஆறு மாசம் மாத்திர திங்கணும்னாரு. ஒங்க அண்ணன் ரெண்டே மாசத்துல அத தூக்கிக் கடாசிட்டு சைக்கிள எடுத்துட்டான். அதுக்குப் பொறவு ஒரு இருமல், ஒரு தும்மல் உண்டா? அம்புட்டு எதிர்ப்பு சக்தி அவனுக்கு!"

நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, தான் சொல்லியிருக்கக் கூடாது என்று புரிந்துகொண்டார். "ஒனக்குத் தெரியும்னுல நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சந்தின் வழக்கத்தைச் சொன்னார். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு இட்லிக்காரருக்கு டி.பி. என்று வெளியே தெரிந்து, மாட்டுங்கா, தாதர் பக்கம் யாரும் எந்தத் தமிழ் ஆளிடமும் இட்லி வாங்கவில்லை. கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சந்தே பட்டினி கிடந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. வந்தவன் தூரத்து டாக்டரிடம் போய் மருந்து வாங்குவான்; இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விடுவான். கேட்டால் நிமோனியா.

திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காசநோய்க் கிருமி பாதி மருந்தில் சாகாது. உடம்பின் அணுக்கள் அதைச் சுற்றிச் சுவர் கட்டி, உள்ளேயே வைத்துக் காவல் காக்கும். அண்ணனுக்கு அந்தக் காவல் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. சேவியர் அண்ணன் சொன்ன இரும்பு அதுதான். பிரேக்கை எடுத்துவிட்டால் காவல் இன்னும் பலமாகும், கிருமி ஒழியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் எலிகளைப் பார்ப்பதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. பிரேக் இல்லாத எலிக்குக் காசநோய் வந்தால் சாதாரண எலியைவிடச் சீக்கிரம் சாகிறது. வெறிகொண்ட அணுக்கள் நுரையீரலையே சிதைக்கின்றன. அந்தச் சிதைவில் கிருமி பெருகுகிறது. அண்ணனுக்கு முதலில் ஊசி பிரேக்கை எடுத்தது. பிறகு ஸ்டீராய்டு காவலையே தூங்கவைத்துவிட்டது. நாளைக்கு டோஸைக் கூட்டப் போகிறார்கள்.

ஏணி ஏறியதுமே கேட்டுவிட்டேன். "அண்ணே, ஒனக்கு டி.பி. வந்துச்சா?"

பின்னால் ஏறிவந்த மதினி பாதி ஏணியில் நின்றாள். "சேவியருக்கு வாயில பூட்டே கிடையாது" என்றான் அண்ணன்.

"டாக்டரம்மாட்ட ஏன் சொல்லல?"

"என்னத்துக்குட்டி? அது எப்பமோ போன வியாதி."

"போகலண்ணே. உள்ளதான் கிடக்கு. நாளைக்கு ஸ்டீராய்டக் கூட்டுனா செத்துருவ."

"கேன்சர்லயும் சாவத்தான போறேன்?" என்றான். நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "அதுல செத்தா நாலு பேரு வந்து அழுவான். இதுல செத்தா மையத்தத் தூக்க ஆளு வரமாட்டான். டாக்டர் எழுதிட்டா கவர்மெண்ட்டு ஆளு வீடு தேடி வந்துருவான். சந்து முனையில நின்னு பேரு சொல்லிக் கேப்பான். அதோட முடிஞ்சிது."

மதினி ஏணியிலிருந்தே சொன்னாள்: "கீழ நாலு பேரு இருக்கான் ஜெபா. அவன் அவனுக்குக் குடும்பம் இருக்கு. ஒருத்தரால சந்து பூரா தந்தா படுத்துரும், பொழப்பே போயிரும்."

"இட்லியில டி.பி. ஒட்டாது மதினி. மூச்சுக் காத்துலதான் ஒட்டும். கொதிக்க ஆவியில வேவுதத தின்னா எப்படி வரும்?"

"அத நீ மாட்டுங்காவுல போய்ச் சொல்லு. கேக்காங்களான்னு பாப்போம்." இவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கும் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடுப்பு ஆவி ஒத்துக்கல" என்றாள்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. எனக்கு அண்ணன் வேண்டும், சந்து அப்புறம். மறுநாள் டாக்டரம்மா டோஸை எழுதப் பேனாவைத் திறந்ததும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். டி.பி. என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இவர்களிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. அன்றே அண்ணனைப் படுக்கவைத்துக் குழாய் விட்டார்கள். அவன் மூச்சு திணறுகிற சத்தம் திரைக்கு வெளியே கேட்டது. மதினி என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காசநோய்தான். ஸ்டீராய்டைக் கூட்டவில்லை, மெல்ல இறக்க ஆரம்பித்தார்கள். காசநோய் மாத்திரை தொடங்கியது. புற்றுநோய் ஊசியை எப்போது மறுபடி போடுவீர்கள் என்று கேட்டேன். "இப்போது முடியாது. பிரேக்கை இன்னொரு தரம் எடுத்தால் இந்த நுரையீரல் தாங்காது" என்றார். எலும்பில் இருப்பது அதுவரை சும்மா இருக்குமா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். டாக்ஸிக்காரர் வழியெல்லாம் மழையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினார். வீட்டில் அண்ணன் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டான். மாத்திரை கொடுத்தால் விழுங்கினான். நான் சொன்னது சரி என்று தெரிந்தும் திருடியைப் போல அந்த வீட்டில் நடமாடினேன்.

அண்ணன் பயந்தது அப்படியே நடந்தது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு சுகாதார ஊழியர், நல்ல சுபாவமுள்ள மராத்திப் பெண், சந்து முனையில் நின்று உரக்கக் கேட்டார்: "தங்கராஜ் இட்லிவாலா எந்த வீடு?" சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கீழே போட்டார்கள். சன்னல்கள் திறந்தன. மேலே வந்து எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார். மதினியிடமும் ஆட்கள் நாலு பேரிடமும் சளி வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரேவுக்கும் அனுப்பினார். கீழே அடுப்பை அணைத்துவிட்டார்கள். நான் அந்த வீட்டில் இருந்த நாட்களில் முதல் தடவையாக ஆவி வாசனை இல்லை.

சாயந்திரம் சந்து ஆட்கள் சிலர் வந்து ஏணிக்குக் கீழே நின்றார்கள். அதில் ஒருவர் என்னிடம், "நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நாங்க எங்கன போவோம்?" என்றார். தங்கராஜ் ஊருக்குப் போய்விட்டான் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். மேலே படுத்திருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சோதனை முடிவு வந்தது. ஆட்கள் நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. மதினிக்கு இருந்தது.

அவள் இருமல் எப்போது தொடங்கியது என்று ஊழியர் கேட்டார். அவளுக்கே ஞாபகம் இல்லை. அண்ணனிடமிருந்து அவளுக்கு வந்ததா, அவளிடமிருந்து அண்ணனுக்கா, இனி யாராலும் சொல்ல முடியாது. ஊழியர் மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை பாதியில் நிறுத்தக் கூடாது என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மதினி அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் வாயைத் திறந்தான். "ஏட்டி, போன எடு."

யாருக்கு என்று கேட்டேன். மாட்டுங்கா மாமிக்கு என்றான். சந்து ஆட்கள் பேசியதைத்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். எண்ணைப் போட்டு, ஒலியைக் கூட்டி, அவன் வாயருகே பிடித்தேன்.

"தங்கராஜா? எப்படிடாப்பா இருக்கே?" என்றார் கௌரி மாமி.

"மாமி, எனக்கு டி.பி."

"கேன்சர்னுதானே சொன்னே?"

"அதுவும் இருக்கு. இதுவும் இருக்கு. இப்ப என் வீட்டம்மாவுக்கும் இருக்கு." மூச்சு வாங்கினான். நான் போனை விலக்கப் போனேன்; என் கையைப் பிடித்துக்கொண்டான். "போன மாசம் ஒங்க வீட்டுல உக்காந்து இருமிட்டு வந்தேன் மாமி. ஒங்களுக்கும் வயசாகுது. நெஞ்சு போட்டோ எடுத்து ஒருதரம் பாத்துக்கிடுங்க. என் கோலியில இனி இட்லி கிடையாது. சந்துல மத்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. எனக்குத்தான். அவன்கள்ட்ட வாங்குங்க."

மாமி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அண்ணன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தான். மதினி தலையை நிமிர்த்தவில்லை.

"அடுத்த நம்பரப் போடுட்டி" என்றான்.